ஜனவரியில் வாங்கிய குதிரை ஏப்ரலில் தலையை உதறுகிறது

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறோம். மகள் சவாரி பழகுவதற்காக ஜனவரியில் ஒரு வியாபாரியிடம் 8 வயது, காயடித்த குதிரை வாங்கினோம். வாங்குமுன் செய்த ஐந்து கட்ட மருத்துவப் பரிசோதனையில் குறை எதுவும் தெரியவில்லை. ஏப்ரல் நடுவிலிருந்து வெயிலில் ஓட்டினால் தலையை மேலும் கீழும் வெடுக்கென்று உதறுகிறது, மூக்கை முன்னங்காலில் தேய்க்கிறது. கடையில் மூக்குவலை, வெயில் முகமூடி, மக்னீசியத் தூள், மூலிகைக் கலவை எல்லாம் காட்டுகிறார்கள். எதை முதலில் வாங்குவது?

பதில்: எதையும் வாங்குமுன் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பல்லில் சீழ், காதில் பூச்சி, கண் நோய், சைனஸ் தொல்லை, பொருந்தாத கடிவாளம் என எது இருந்தாலும் குதிரை தலையை உதறும். இவை இல்லை என்று உறுதியான பிறகே பருவகாலத் தலை உதறல் என்று சொல்ல முடியும்.

இந்த நோயில் முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் டிரைஜெமினல் நரம்பு, காற்று, வெயில், மகரந்தம் போன்ற சின்னத் தூண்டலுக்கே வலியை உணர்த்துகிறது. மூக்குக்குள் தேனீ புகுந்தது போலக் குதிரை துள்ளுவது அதனால்தான். இது முரட்டுத்தனமல்ல, வலி. கடிவாளத்தைக் கடுமையாக்கவோ தலையை வாரால் கட்டி இறக்கவோ கூடாது. முன்னங்காலால் முகத்தை அடிக்கிறது, முன்னங்கால்களைத் தூக்கி எழும்புகிறது என்றால் மகளை ஏற்றாதீர்கள்.

மருத்துவர் பார்த்த பின் வாங்க வேண்டிய முதல் பொருள் மூக்குவலை. பெரும்பாலும் 10 முதல் 30 பவுண்டுக்குள் கிடைக்கும். ஏறக்குறைய நாலில் ஒரு குதிரைக்கு உதறல் 70 சதவீதமோ அதற்கு மேலோ குறைவதாகத் தெரிந்திருக்கிறது. இதைவிட மலிவான, தீங்கில்லாத சோதனை வேறில்லை. நாசித் துவாரங்களையும் மேலுதட்டையும் மட்டும் மூடும் அரை வலையே போதும். வாயையும் சேர்த்து மூடும் முழு வலை கூடுதலாக எதுவும் செய்வதாகத் தெரியவில்லை.

வலையைக் கடிவாளத்தின் மூக்குவாரில் மாட்டி, முதல் நாள் லாயத்திலேயே பத்து நிமிடம் பழக்குங்கள். தளர்வாக இருந்தால் படபடத்து அதுவே எரிச்சலூட்டும். இறுகினால் உதட்டோரம் புண்ணாகும். சளி படிந்தால் காற்று அடைபடும், தினம் அலசுங்கள். மூன்று நாள் வலையோடும் மூன்று நாள் வலையின்றியும், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், லாஞ்சிங் கயிற்றில் (நீங்கள் நடுவில் நின்று குதிரையை வட்டமாக ஓட்டும் நீளக் கயிறு) ஓடவிட்டு ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். நிமிடத்துக்கு எத்தனை உதறல் என்று எண்ணி எழுதுங்கள். அந்தியில் ஓடவிட்டும் பாருங்கள்: வெயில் இறங்கியதும் உதறல் அடங்கினால் வெளிச்சம் தூண்டுவதாக இருக்கலாம். அப்போது மட்டும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் முகமூடி வாங்கலாம்.

எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 32 குதிரைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், தீவனத்தில் கலக்கும் ஒரு பொடியும் மருந்தே இல்லாத போலிப் பொடியும் மாறி மாறிக் கொடுக்கப்பட்டன. எதைக் கொடுத்தபோதும் உரிமையாளர்கள் முன்னேற்றம் கண்டதாகவே சொன்னார்கள். பொடியால் தனிப் பலன் எதுவும் இல்லை. ஆகவே மூலிகைக் கலவைக்குக் காசு கொட்டாதீர்கள். மக்னீசியத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. ஆனால் இரத்த அளவைப் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவில்தான் கொடுக்க வேண்டும், அதிகமானால் கழிச்சல் வரும். நான்கையும் ஒன்றாகத் தொடங்கினால் எது உதவியது என்று ஒருநாளும் தெரியாது.

வலை பலிக்கவில்லை என்றால் தோலுக்கடியில் ஊசி வழியே நரம்புக்கு மின்தூண்டல் தரும் சிகிச்சை உண்டு. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் உருவானது. சுமார் பாதிக் குதிரைகளுக்குக் குணம் தெரிந்தாலும், பலன் மங்கி மறுபடி செய்ய வேண்டிவரும்.

கேள்வி: வியாபாரியிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: வழி இருக்கிறது, காலம் ஓடுகிறது. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் வியாபாரி விற்கும் குதிரைக்கும் பொருந்தும். குதிரையை நேரடியாகத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கும் 30 நாள் கெடு கடந்துவிட்டது. ஆனால் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் வெளிப்பட்ட குறை, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது வியாபாரியின் பொறுப்பு. இந்தக் கட்டத்தில் குறையைச் சரிசெய்யவோ மாற்றித் தரவோ அவருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அது பலிக்காவிட்டால் திருப்பித் தரலாம் அல்லது விலைக் குறைப்புக் கேட்கலாம். மருத்துவரின் எழுத்துக் குறிப்பு, தேதியிட்ட வீடியோ இரண்டையும் இணைத்து இந்த வாரமே எழுத்தில் அனுப்புங்கள். குளிர்காலப் பரிசோதனையில் இந்த நோய் வெளிப்படாது என்பதையும் கடிதத்தில் சேருங்கள்.

தனியாள் விற்றிருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை; விற்றவர் குதிரையைப் பற்றித் தவறாகச் சொன்னார் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் குளிர்காலத்தில் யாரிடம் வாங்கினாலும், “இந்தக் குதிரை எப்போதாவது மூக்குவலை போட்டிருக்கிறதா? சென்ற மே, ஜூனில் சவாரி செய்த வீடியோ இருக்கிறதா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.