15,000 ரூபாயில் ரைடிங் கியர்: முதலில் எதை வாங்குவது?

கேள்வி: கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறேன். 160 சிசி வண்டி. ஒரு நடைக்கு 50 கிலோமீட்டர் வரும். முதல் ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். மாதம் ஒருமுறை மனைவியோடு தொப்பூர் வழியாக மேட்டூரில் மாமனார் வீட்டுக்குப் போவோம். போனஸ் பணத்தில் 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கடையில் 11,000 ரூபாய் ஜாக்கெட்டைக் காட்டி, "இதை எடுங்க சார், ஹெல்மெட்டை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். இப்போது என்னிடம் இருப்பது டாட் ஸ்டிக்கர் ஒட்டிய 800 ரூபாய் ஹெல்மெட். எதை வாங்கலாம்? நம் ஊர் வெயிலில் இதையெல்லாம் போட்டுக்கொண்டு ஓட்ட முடியுமா?

பதில்: ஜாக்கெட்டைக் கடைக்காரர் மடித்து உள்ளே வைக்கட்டும். முதலில் அந்த 800 ரூபாய் ஹெல்மெட்டைப் பற்றிப் பேசிவிடுவோம்.

டாட் என்பது அமெரிக்கத் தரம். அங்கே தயாரிப்பாளரே "என் ஹெல்மெட் தேறியது" என்று அறிவித்து முத்திரையைப் போட்டுக்கொள்வார். அரசாங்கம் பிறகு கடைகளில் சிலவற்றை வாங்கிச் சோதித்துப் பார்க்கும். அந்தச் சோதனை நம் ஊர் ரோட்டோரக் கடைக்கு வரப் போவதில்லை. இங்கே அது வெறும் ஸ்டிக்கர்தான், எந்த அச்சகத்திலும் அடிக்கலாம். இந்தியாவில் 2021 ஜூன் 1 முதல் இருசக்கர வண்டிக்கான ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையோடு ஐஎஸ் 4151 என்ற தர எண்ணும், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் அது எந்தக் கம்பெனியுடையது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடையிலேயே நின்று பாருங்கள். கடைக்காரர் முகம் மாறினால் அதுவும் ஒரு பதில்தான்.

ஐஎஸ்ஐயோடு இசிஇ முத்திரையும் உள்ள ஹெல்மெட் உங்கள் பட்ஜெட்டுக்குள் கிடைக்கும், சுமார் 4,000 ரூபாயிலிருந்து பார்க்கலாம். இசிஇ என்பது ஐரோப்பிய நாடுகளின் தரம். அதில் 22.06 என்று இருந்தால் புதிய பதிப்பு. தலை நேராக மோதுவதோடு, சாய்வாக மோதி முறுக்கப்படுவதையும் அதில் சோதிக்கிறார்கள். விழும்போது பெரும்பாலும் தலை சாய்வாகத்தான் தரையில் படும் என்பதால் இது வெறும் விளம்பரமல்ல.

"100-ல் போகும்போது விழுந்தால் எந்த ஹெல்மெட் தாங்கும்?" என்று பலர் கேட்பார்கள். கேள்வியே கொஞ்சம் தவறு. வண்டி வழுக்கி நீங்கள் சாய்ந்தால், தலை தரையில் இடிக்கும் வேகத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது தலை எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பது. ஒன்றரை மீட்டரிலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து விழுந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மண்டை உடைய அதுவே போதும். ஹெல்மெட் அடிப்படையில் இந்த அடிக்காகத்தான் செய்யப்படுகிறது. வண்டியின் வேகம் வேறு இடத்தில் வட்டியோடு வசூலிக்கும். 60-ல் விழுந்தால் உடம்பு நிற்பதற்கு முன் 20 மீட்டருக்கு மேல், சுமார் மூன்று நொடி, தாரில் தேய்த்துக்கொண்டே போகும். சாதாரண ஜீன்ஸ் அதில் ஒரு நொடி தாங்கினாலே பெரிது. ஜாக்கெட், கிளவுஸ், பேன்ட் எல்லாம் இந்தத் தேய்மானத்துக்காக. நடுவில் தடுப்புச் சுவரோ, நின்ற லாரியோ வந்துவிட்டால் அது வேறு கதை, அதற்கு எந்தக் கடையிலும் கியர் விற்பதில்லை.

தலை தரையில் மோதும்போது அந்த இடியை வாங்கிக்கொள்வது ஹெல்மெட்டின் வெளி ஓடு அல்ல, உள்ளே இருக்கும் தெர்மாகோல் மாதிரியான அடுக்கு. அது நசுங்குவதால்தான் மூளைக்குப் போகும் அடி குறைகிறது. ஒருமுறை நசுங்கினால் மறுபடி எழும்பாது. அதனால்தான் விழுந்த ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லை என்றாலும், தூக்கிப் போட வேண்டும். பைக் கண்ணாடியில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து மாட்டும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கண்ணாடியின் முனை அந்த அடுக்கில் குழி போடும். கறை போக பெட்ரோலோ தின்னரோ போட்டுத் துடைப்பதும் ஆகாது, வெளி ஓடு, உள் அடுக்கு இரண்டையும் அரித்துவிடும்.

உங்களுக்குத் தாடையையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ்தான். ஹாஃப் ஃபேஸில் தாடை அப்படியே திறந்து கிடக்கிறது, கீழே விழுபவர்களுக்கு அடிபடும் முக்கியமான இடங்களில் ஒன்று அது. அளவு பார்க்க, புருவத்துக்கு மேலே டேப் சுற்றி எடுத்த கணக்கைத் தொடக்கமாக மட்டும் வையுங்கள். போட்டுக்கொண்டு கடையிலேயே 20 நிமிடம் உட்காருங்கள். கன்னம் உப்பி, பேசினால் உள்கன்னத்தைக் கடிப்பது போல இருந்தால் நல்லது, பஞ்சு ஒரு மாதத்தில் இளகும். நெற்றியில் ஒரே இடத்தில் குத்தினால் அந்த மாடல் உங்கள் தலை வடிவத்துக்குப் பொருந்தவில்லை, எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். பிறகு பட்டையைப் பூட்டிக்கொண்டு, ஹெல்மெட்டின் பின் விளிம்பைப் பிடித்து முன்பக்கமாகக் கவிழ்த்துத் தள்ளச் சொல்லுங்கள். கழன்று வந்தால் சாலையிலும் கழன்று வரும். ஸ்டட்ஸ், ஸ்டீல்பேர்டு, வேகா, ஆக்ஸர் என்று பெயர்களை அடுக்கி எது நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் தலையில் ஆடாமல் உட்கார்வது எதுவோ, அது.

இன்னொன்று, வைசர், அதாவது முகத்துக்கு முன்னால் இறக்கிவிடும் கண்ணாடி. மார்கழி விடியலில் குருபரப்பள்ளி தாண்டி மேலுமலை, சூளகிரிப் பக்கம் பனி இறங்கி நிற்பது என்னை விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நிறமில்லாத வைசர் வாங்குங்கள். அதன் உள்ளே பின்லாக் என்ற இரண்டாவது மெல்லிய தகட்டைப் பொருத்தும் வசதி இருந்தால் மூச்சுக்காற்றில் மங்காது. கறுப்பு வைசர் பகலில் அழகு, உங்கள் ஷிஃப்டுக்கு எமன். கீறல் விழுந்த வைசரையும் வைத்துக்கொண்டு தள்ளாதீர்கள், எதிரே வரும் லாரி விளக்கில் முழுக்க வெள்ளையாகிவிடும். வருடம் ஒன்று மாற்றினாலும் பெரிய செலவில்லை.

தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் உள்ளே பாலகிளாவா என்ற மெல்லிய துணித் தலையுறை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயும் வியர்வையும் பஞ்சைச் சீக்கிரம் சப்பையாக்கிவிடும்.

ஹெல்மெட்டுக்கு அடுத்து நான் சொல்லப் போவது ஜாக்கெட்டை அல்ல, கிளவுஸை. இது என் சொந்தக் கதையிலிருந்து வருகிறது. சில வருடங்களுக்கு முன் காவேரிப்பட்டணம் தாண்டி சர்வீஸ் ரோட்டில் திரும்பும்போது, ஏதோ ஒரு டிப்பர் சிந்திவிட்டுப் போன எம்-சாண்டில் முன் சக்கரம் வழுக்கியது. வேகம் 30கூட இருக்காது. நல்ல ஹெல்மெட் தலையில் இருந்தது, அதில் ஒரு கோடுகூட விழவில்லை. வெறும் கையை ஊன்றினேன். வலது உள்ளங்கைத் தோல் உரிந்து போய், மூன்று வாரம் சோறு பிசைந்து சாப்பிட முடியாமல் ஸ்பூனோடு திண்டாடினேன். அடுத்தவர் பார்த்தால் சிரிப்பு, எனக்கு இல்லை.

யார் விழுந்தாலும் கை தானாக ஊன்றும், அதை யோசித்துத் தடுக்க முடியாது. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஸ்கேஃபாய்ட் என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. கையை ஊன்றி விழுபவர்களுக்கு மணிக்கட்டின் சின்ன எலும்புகளில் அதிகம் உடைவது அதுதான். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு என்பதால் ஆறுவதற்குத் தாமதமாகும், முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். அதனால் கிளவுஸில் விரல் முட்டி மேல் இருக்கும் பளபளப்பான பிளாஸ்டிக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழுக்கிச் செல்லும்படி ஒரு கெட்டியான துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். கை தாரில் அப்பிக்கொள்ளாமல் சறுக்கினால் மணிக்கட்டு மடங்குவது குறையும். மணிக்கட்டைச் சுற்றி இறுக்கும் பட்டை வேண்டும், பூட்டிய பின் விரல் பக்கம் இழுத்தால் கழலக் கூடாது. உள்ளே லேபிளில் இஎன் 13594 என்று இருந்தால் பைக்குக்கென்றே சோதித்த கிளவுஸ். 2,000 ரூபாய் அளவில் இவை கிடைக்கும்.

ஷூவுக்கு நீங்கள் செலவே செய்ய வேண்டாம் என்று நினைக்கிறேன். சிப்காட்டில் வேலை என்றால் சேஃப்டி ஷூ கொடுத்திருப்பார்கள். கணுக்கால் எலும்பை மூடும் உயரம் இருந்தால் இப்போதைக்கு அதுவே போதும். வண்டி காலின் மேல் சாயும்போது முதலில் மாட்டுவது கணுக்கால். கயிற்றை மட்டும் உள்ளே செருகிவிடுங்கள், கியர் லீவரில் சுற்றிக்கொண்டால் நிற்கும்போது கால் ஊன்ற முடியாமல் விழுவீர்கள். செருப்போடு நெடுஞ்சாலையில் ஏறுகிறவர்களுக்கு நான் எதுவும் சொல்வதில்லை, சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

முட்டிக்கு, பேன்ட்டுக்கு மேல் கட்டும் நீ கார்டு 1,500 ரூபாயில் போதும். தொழிற்சாலை வாசலில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். கட்டிய பிறகு கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள், நழுவினால் வேறு எடுங்கள்.

சரி, இப்போது ஜாக்கெட். 11,000 ரூபாய்க்கு நிச்சயம் நல்ல ஜாக்கெட் கிடைக்கும், கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை வாங்கினால் தலைக்கும் கைக்கும் மிச்சம் இருப்பது 4,000. அது சரியான பங்கீடு அல்ல. உங்களுக்கு 5,500 ரூபாய் அளவில் மெஷ், அதாவது வலைத் துணி ஜாக்கெட் ஒன்று போதும். ஐரோப்பியத் தரமான இஎன் 17092-ல் டிரிபிள் ஏ, டபுள் ஏ, சிங்கிள் ஏ என்று தேய்மானத்தைத் தாங்கும் அளவை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். காற்று புகும் மெஷ் வகைகள் பெரும்பாலும் சிங்கிள் ஏதான். "டபுள் ஏ வாங்கினால் இன்னும் பாதுகாப்பு இல்லையா?" என்றால், ஆமாம். ஆனால் கனமான அந்தத் துணியை ஏப்ரல் மாதம் இரண்டாவது வாரத்தில் வீட்டு ஆணியில் மாட்டிவிடுவீர்கள், ஜூலை வரை எடுக்க மாட்டீர்கள். பலர் வீட்டில் அந்த ஆணியைப் பார்த்திருக்கிறேன். விழும் அன்று உடம்பில் இருக்கும் சிங்கிள் ஏ, ஆணியில் தொங்கும் டபுள் ஏ-யை விட மேல்.

மெஷ் வாங்கினாலும் தோள், முழங்கை, கை வெளிப்பக்கம் ஆகிய இடங்களில் வலையாக இல்லாமல் கெட்டித் துணியாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும், அடியைத் தாங்கும் ஆர்மர் பட்டைகளை வெளியே எடுத்துப் பாருங்கள். இஎன் 1621-1 என்று அதிலேயே அச்சாகியிருக்கும். லெவல் 1 என்றால் சோதனை அடியில் சராசரியாக 35 கிலோநியூட்டன் விசைக்கு மேல் உள்ளே விடாது, லெவல் 2 என்றால் 20. முதுகில் மட்டும் எந்த எண்ணும் இல்லாத ஸ்பான்ஜ் துண்டை வைத்து விற்பது வழக்கம், அது இடத்தை நிரப்ப வைத்தது. அந்தத் துண்டு இருக்கும் உள்பையின் அளவுக்கு இஎன் 1621-2 எண்ணுள்ள முதுகுத் தகடு பின்னால் வாங்கிச் செருகிக்கொள்ளலாம், அடுத்த போனஸுக்கு இருக்கட்டும்.

ஜாக்கெட்டைக் கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்க்காதீர்கள். வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். அந்த நிலையில் முழங்கைப் பட்டையை இன்னொருவர் சுற்றித் திருப்பிப் பார்க்கட்டும். அது நழுவிப் பக்கவாட்டுக்குப் போனால், விழும்போதும் எலும்பு ஒரு பக்கம், பட்டை ஒரு பக்கம்தான். கொஞ்சம் இறுக்கமானதே சரியான அளவு. நிறம் கறுப்பு வேண்டாம். விடியலில் உங்களைப் பின்னால் வரும் பேருந்து பார்க்க வேண்டும். கறுப்புதான் பிடிக்கும் என்றால் மேலே ஒளி பிரதிபலிக்கும் வெஸ்ட் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான்.

மழைக்கென்று ஜாக்கெட்டின் உள்ளே மாட்டும் லைனர் என்ற தண்ணீர் புகாத அடுக்கைத் தருவார்கள். ஐப்பசி மழையில் சாலையோரம் ஜாக்கெட்டைக் கழற்றி லைனரை மாட்டி மறுபடி போடுவதற்குள் நனைந்து முடித்திருப்பீர்கள். மேலே போடும் ரெயின்கோட்டே நமக்குச் சரி.

வெயிலைப் பற்றிக் கேட்டீர்கள். நின்றால் வேகும், ஓடினால் வேகாது. டோல்கேட், சிக்னல் போன்ற இடங்களில் முன் ஜிப்பைப் பாதி இறக்கிவிடுங்கள். கோடையில் மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது உள்ளே போட்டிருக்கும் பருத்தி டி-ஷர்ட்டை நனைத்துப் பிழிந்து போட்டு, மேலே மெஷ்ஷை மாட்டிப் பாருங்கள். காற்று அந்த ஈரத்தை உலர்த்தும்போது மண்பானைத் தண்ணீர் மாதிரி உடம்பு குளிரும், சூளகிரி வரைக்காவது வரும். வெறும் அரைக்கைச் சட்டையில் அனல்காற்று நேராகத் தோலில் அடிப்பதை விட இது மேல் என்று இரண்டு கோடை பழகியவர்கள் சொல்வார்கள்.

கணக்கு: ஹெல்மெட் 4,000, கிளவுஸ் 2,000, நீ கார்டு 1,500, ஜாக்கெட் 5,500. மொத்தம் 13,000. மீதி 2,000 உங்கள் மனைவியின் ஹெல்மெட்டுக்கு. உங்கள் கேள்வியில் அது இல்லை, ஆனால் மேட்டூருக்கு அவரும்தானே வருகிறார். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் சூடேறிய லாரிகளுக்கு நடுவே பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் வருவது தெரியாது, பிடித்துக்கொள்ள ஹேண்டில்பாரும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவு பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் என்கிறது, தவறினால் 1,000 ரூபாய் அபராதம்.

அவருக்கும் ஐஎஸ்ஐ ஃபுல் ஃபேஸ்தான், ஆனால் கனம் குறைந்ததாகப் பாருங்கள். கொண்டை போட்டால் ஹெல்மெட் பின்னந்தலையில் ஏறி உட்காரும், தாழப் பின்னிய சடை சரியாக இருக்கும். எந்தத் தலைவாரலோடு பயணம் செய்வாரோ அதே வாரலோடு கடைக்கு அழைத்துப் போய், அவர் தலையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். முந்தானையோ துப்பட்டாவோ சங்கிலிப் பக்கம் பறக்காமல் இடுப்பில் செருகிக்கொண்ட பிறகு வண்டியை எடுங்கள்.