மீன் படம் எடுக்கும் மகள்: தூத்துக்குடித் தந்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

"கடன் வாங்கிக் கனடாவுக்குப் படிக்க அனுப்பினேன். பிள்ளை அங்கே குளிர்கடலில் குதித்து மீனைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள்" என்று எழுதியிருந்தீர்கள். குற்றத்துக்குச் சாட்சி வைப்பதுபோல் அவள் அனுப்பிய ஆறு படங்களையும் இணைத்திருந்தீர்கள். நல்லதாகப் போயிற்று.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலடிப் புகைப்படக்காரராக மட்டும் இருந்து குடும்பம் நடத்துவது மிகக் கடினம். அழகான படம் எடுப்பவர்கள் ஏராளம், காசு கொடுத்து வாங்குபவர்கள் சிலரே. எனவே புதுக் கேமராவுக்குப் பணம் கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

இனி, நான்காவது படத்தை எடுத்துப் பாருங்கள். அழகில்லாத படம்தான், மிதவை உயிரிகள் வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் மீன் பக்கவாட்டில், முதுகுத் துடுப்பின் முட்கள் எல்லாம் எண்ணும்படி நிற்கிறது. கீழே உங்கள் மகள் இப்படி எழுதியிருக்கிறாள்: "காப்பர் ராக்ஃபிஷ். பக்கக்கோட்டின் பின்பகுதி நெடுக வெளிறிய பட்டை. குயில்பேக் என்றால் முதுகு முட்கள் இன்னும் நீளமாக, இடையில் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும்." பக்கக்கோடு என்பது மீனின் பக்கவாட்டில் நெடுக ஓடும் கோடு, குயில்பேக் என்பது அதே கூட்டத்தின் இன்னோர் இனம். ஐயா, சம்பளம் தரக்கூடியது இந்தக் குறிப்புதான்.

ராக்ஃபிஷ் என்பதைப் பாறைமீன் என்று சொல்லலாம். நம்மூர்ச் சந்தையில் பாறை என்று விற்கும் மீன் வேறு, இது வேறு. கனடாவின் மேற்கு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடற்கரையில் மட்டும் இதில் 30-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. எல்லோஐ என்ற இனம் நூறு வயதையும் தாண்டி வாழும். அதன் குஞ்சு வெள்ளைக் கோடுகள் போட்ட செஞ்சிவப்பு, வளர்ந்தது ஆரஞ்சு. பழகாத கண்ணுக்கு இரண்டும் இரண்டு மீன்கள். போதாக்குறைக்கு, பத்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே தண்ணீர் சிவப்பு நிறத்தை விழுங்கிவிடும். ஃபிளாஷ் அடித்தால்தான் உண்மை நிறம் தெரியும். அவள் ஃபிளாஷ் வாங்கியதை ஆடம்பரம் என்று எழுதியிருந்தீர்கள், அது ஆடம்பரமல்ல.

இந்த மீன்கள் மெதுவாக வளர்பவை. அதிகம் பிடித்தால் மீள்வதற்குப் பல்லாண்டு ஆகும். அதனால் அந்த மாகாணத்தில் 2003 முதல் 2007 வரை 164 பாதுகாப்புப் பகுதிகளை அறிவித்தார்கள். அங்கே எத்தனை மீன் இருக்கிறது என்று தூண்டில் போட்டு எண்ணினால், ஆழத்திலிருந்து மேலே வரும்போது காற்றுப்பை விரிந்து மீன் செத்துப்போகலாம். ஆகவே யாராவது இறங்கிப் பார்த்து எண்ண வேண்டும், அல்லது கேமரா பொருத்திய இயந்திரத்தை இறக்க வேண்டும். இயந்திரம் இறங்கினாலும், அந்த வீடியோவைப் பார்த்து மீனின் பெயரைச் சொல்லக் கரையில் ஓர் ஆள் வேண்டும். மகள் ஆயுள் முழுக்கக் குளிர்நீரில் கிடக்க வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வேலை தருபவர்கள் யார் என்று கேட்டிருந்தீர்கள். துறைமுகம், படகுத்துறை கட்டுமுன் கடலடியை ஆய்வு செய்யும் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள், பல்கலைக்கழக ஆய்வுக்குழுக்கள், மீன்காட்சியகங்கள், கனடாவின் மீன்வள, பெருங்கடல் துறை. கடைசியாகச் சொன்னது கூட்டாட்சி அரசுப் பணி. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கு அங்கே முன்னுரிமை. மாணவர் விசாவில் இருப்பவர் அதையே நம்பியிருக்கக் கூடாது.

பொழுதுபோக்கு முக்குளிப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு இந்த வேலைகளில் இறங்க முடியாது. அறிவியல் முக்குளிப்புப் பயிற்சி தனி. வன்கூவர் தீவின் பாம்ஃபீல்ட் கடல் அறிவியல் மையத்தில் அது நடக்கிறது. கேமராவுக்குக் கொடுக்க மறுத்த பணத்தை இதற்குக் கொடுங்கள். கூடவே புள்ளியியல் பாடம் ஒன்றும் எடுக்கட்டும். மீனைத் தெரிந்தவருக்கு எண்ணைக் கையாளத் தெரியாவிட்டால் பாதி வேலைகள் கைநழுவும்.

ஒரு செலவில்லாத வழியும் உண்டு. ரீஃப் என்ற அமைப்பு 1993 முதல் தன்னார்வ முக்குளிப்பவர்களைக் கொண்டு மீன்களைக் கணக்கெடுக்கிறது. பார்த்த ஒவ்வோர் இனத்துக்கும் ஒன்று, 2 முதல் 10, 11 முதல் 100, நூறுக்கு மேல் என்று குறித்தால் போதும். தேர்வு எழுதி, கணக்கெடுப்புகள் சேரச் சேர ஐந்தாம் நிலை வரை ஏறலாம். நான்கும் ஐந்தும் நிபுணர் நிலைகள். விண்ணப்பத்தில் இது அழகான படத்தைவிட நன்றாகப் பேசும்.

உங்கள் பயம் புரிகிறது. சங்கு குளிப்பவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர் நீங்கள்; கடல் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கே தண்ணீர் பத்து டிகிரியை ஒட்டியே இருக்கும், ஓதநீரோட்டமும் வேகம். அவளிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: உடல் நனையாத டிரை சூட்டுக்கு முறையான பயிற்சி எடுத்தாளா, ஓதம் அடங்கும் நேரம் பார்த்துத்தான் இறங்குகிறாளா, துணை இல்லாமல் எப்போதாவது இறங்கினாளா. மூன்றாவதற்குப் பதில் தடுமாறினால் கண்டியுங்கள், நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.

ஆறாவது படத்தில் பாசிக்குள் ஸ்கல்பின் என்ற வகை மீன் ஒன்று, குட்டியாக, ஒளிந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தைப் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே தலைவலி. அதன் கீழே அவள் "இனம் உறுதியில்லை, மார்புத் துடுப்பு தெரியவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். வேலைக்கான நேர்காணலுக்குப் போகும்போது அந்தப் படத்தையும் எடுத்துப்போகச் சொல்லுங்கள்.