செல்லம் கேள்வி–பதில்: கட்டிலுக்கடியில் ஒரு விருந்தாளி

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காப்பகத்திலிருந்து நாய் எடுத்தவர்களும் எடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்டவை. ஞாயிறுதோறும் நான் காப்பகத்தில் கூண்டு கழுவப் போவது எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அக்கா, எட்டு நாளுக்கு முன்னால் மூன்று வயதுப் பெண் நாயைத் தத்தெடுத்தோம். வந்ததிலிருந்து கட்டிலுக்கடியில்தான் கிடக்கிறது. பகலில் சோற்றைத் தொடுவதில்லை. என் கணவர் கிட்டே போனாலே பயத்தில் அங்கேயே ஒன்றுக்குப் போய்விடுகிறது. "இது சரிப்படாது, திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை.
*– வாசகி, தாம்பரம்*

பகலில் தொடுவதில்லை என்றால் ராத்திரி சாப்பிடுகிறது என்றுதானே அர்த்தம்? பாதிக் கவலை தீர்ந்தது. ராத்திரியும் சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல் கிடந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மற்றபடி இது வெறும் பயம்.

என் மண்டுவின் கதையைச் சொல்கிறேன். என்னிடம் வருவதற்கு முன் இரண்டு வீடுகள் அவளைத் திருப்பிக் கொடுத்திருந்தன. முதல் வீட்டுக்காரர் சொன்ன காரணம், "குரைக்கவே மாட்டேங்குது." இரண்டாவது வீட்டுக்காரர், "ராத்திரியெல்லாம் குரைக்குது." எங்கள் வீட்டில் வந்து இறங்கியவள் நேராகத் தையல் மெஷினுக்கு அடியில் போய்ச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டாள். பதினோரு நாள் அங்கேதான். நான் கூப்பிடவில்லை, இழுக்கவில்லை, குளிப்பாட்டவும் இல்லை. தினமும் சாயங்காலம் அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்தேன். பன்னிரண்டாம் நாள் முழங்கையில் ஈரமாக, சில்லென்று ஏதோ பட்டது. திரும்பிப் பார்க்க ஆசை, பார்க்கவில்லை. தட்டிலிருந்து ஒரு அவரைக்காய் மட்டும் காணாமல் போனது. மெஷினுக்கடியில் அதைத் துப்பியிருந்தாள். அது வேறு விஷயம்.

உங்கள் கணவரையும் அப்படி உட்காரச் சொல்லுங்கள். நின்றபடி குனிந்து தலையில் கை வைக்கப் போனால், அடி வாங்கிப் பழகிய நாய்க்கு அது ஓங்கிய கை. தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, அதன் முகத்தைப் பார்க்காமல், அவித்த முட்டையில் ஒரு துண்டை அதன் பக்கம் உருட்டிவிட்டு டிவி பார்க்கட்டும். சிறுநீர் போனால் திட்ட வேண்டாம், துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். அது திமிர் இல்லை, "என்னை ஒன்றும் செய்துவிடாதே" என்ற கெஞ்சல்.

காப்பகத்தில் "மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்" என்று ஒரு கணக்குச் சொல்வோம். மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் பிடிபடும், மூன்று மாதத்தில் இது நம் வீடு என்று ஆகும். கொஞ்சம் முன்பின் இருக்கும். அதுவரை கூண்டையே பார்த்த நாய்க்கு மிக்ஸி சத்தமும் குக்கர் விசிலும் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனும் புதுசு. ஒன்றே ஒன்றில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள்: இப்போதைக்கு வாசற்கதவு எப்போதும் சாத்தியிருக்கட்டும், வெளியே போனால் கயிறு இல்லாமல் போகாதீர்கள், கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். தெருவில் ஒரு வெடிச் சத்தம் போதும், திசை தெரியாமல் ஓடிவிடும்.

எட்டு நாள் போதாது. உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நாங்கள் பார்த்து வைத்திருக்கும் நாயின் ஒரு காதில் சின்னதாக வெட்டு இருக்கிறது. ஊனமான நாயைத் தள்ளிவிடப் பார்க்கிறார்களா?
*– வாசகர், மதுரை*

அது ஊனம் இல்லை, முத்திரை. கருத்தடை ஆபரேஷன் முடிந்த தெருநாய்க்கு மயக்கத்தில் இருக்கும்போதே காதில் அப்படி வெட்டிவிடுவார்கள், மறுபடி பிடித்து வயிற்றைக் கிழித்துவிடக் கூடாதே என்று. நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று புளூ கிராஸ் 1964-லேயே சென்னையில் ஆரம்பித்தது. மத்திய அரசின் விதிகள் வர 2001 ஆனது. 2023-ல் அவற்றைப் புதுப்பித்தார்கள். உங்களுக்கு ஒரு ஆபரேஷன் செலவு மிச்சம். எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் கறுப்பு நாய் வீட்டுக்கு ஆகாது என்கிறார்.
*– வாசகி, கும்பகோணம்*

பைரவர் சந்நிதியில் பக்கத்தில் நிற்பது யார் என்று அவரையே கேளுங்கள். அத்தனை கோயில் இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வி வரலாமா! காப்பகத்தில் கடைசி வரை தங்கிவிடுவது பெரும்பாலும் கறுப்புதான், போட்டோவில் முகம் தெரிவதில்லை என்பதால். வெயிலில் நிறுத்தி எடுங்கள், கண் தெரியும்.

தத்தெடுத்த நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது, ஒரு மாதத்துக்குள் வெளியேற்ற வேண்டும் என்று எங்கள் அபார்ட்மென்ட் சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. செல்லுமா?
*– வாசகர், சென்னை*

செல்லாது. பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை விதிக்கவோ லிஃப்டை மறுக்கவோ சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. 1962-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் உருவான அந்த வாரியத்தின் அலுவலகம் ரொம்ப காலம் நம் திருவான்மியூரில்தான் இருந்தது. இப்போது அரியானாவுக்குப் போய்விட்டது. வழிகாட்டுதலை அச்செடுத்துச் செயலாளரிடம் கொடுங்கள்.

அதோடு உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். மாநகராட்சி உரிமம், ரேபிஸ் தடுப்பூசி அட்டை இரண்டையும் கையில் வைத்திருங்கள். லிஃப்டில் குழந்தையோ பயப்படுபவரோ இருந்தால் அடுத்த நடைக்குக் காத்திருங்கள். மலத்தை அள்ளப் பையில்லாமல் கீழே இறங்காதீர்கள். சட்டம் பேசி ஜெயித்த பிறகும் அதே ஆட்களோடுதானே குடியிருக்க வேண்டும்?

விளையாட்டில் எங்கள் நாயின் பல் பையனின் கையில் பட்டு லேசாக ரத்தம் வந்தது. காப்பகத்திலேயே தடுப்பூசி போட்ட நாய்தான். பாட்டி மஞ்சள் வைத்தார். போதுமா?
*– வாசகி, ஈரோடு*

போதாது. இதைப் படித்த உடனே கிளம்புங்கள். இனி யாருக்கு நடந்தாலும் முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப்பொடி எதுவும் கூடாது. நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் டாக்டரைப் பார்த்துப் பையனுக்குத் தடுப்பூசியை ஆரம்பித்துவிடுவதுதான் பத்திரம். ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு ஊசியும் வேண்டுமா என்று அவர் சொல்வார். அரசு மருத்துவமனையில் இலவசம். நாயைப் பத்து நாள் கவனியுங்கள். ரேபிஸ் வந்துவிட்டால் மருந்து கிடையாது, அதனால்தான் இதில் மட்டும் நான் விளையாட்டுப் பேச்சுப் பேசுவதில்லை.

எனக்கு 68, மனைவிக்கு 64. பிள்ளைகள் வெளியூரில். குட்டியாக ஒன்று எடுத்து வளர்க்கலாமா?
*– வாசகர், தாராபுரம்*

குட்டி வேண்டாம் சார். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தரம் எழுப்பும், செருப்பைக் கடிக்கும், ஒரு வயதில் கயிற்றோடு உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். பன்னிரண்டு, பதினான்கு வருஷக் கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். ஏழெட்டு வயது நாயாகக் கேளுங்கள். குணம் தெரிந்திருக்கும், நடை மெதுவாக இருக்கும், உங்களைப் போலவே மத்தியானம் தூங்கும்.

நான் போகும் காப்பகத்தில் முகமெல்லாம் நரைத்த லாப்ரடார் ஒன்று இருக்கிறது. வீடு மாறிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போனது. யார் கேட் திறந்தாலும் எழுந்து வரும், பின்னங்கால் கொஞ்சம் தகராறு செய்யும். அருகில் வந்து முகத்தைப் பார்த்துவிட்டு, தன் ஆள் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். மூட்டுவலி மாத்திரைக்கு மாதாமாதம் கொஞ்சம் செலவாகும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

சென்னைப் பக்கம் வரும்போது இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். காரில் வருவதானால் பழைய பெட்ஷீட் ஒன்று எடுத்துவாருங்கள், பின் சீட்டில் விரிக்க.