கம்பங்கதிரும் காகித ஸ்டாம்பும்

எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நம் மருத்துவ, சட்ட, வேளாண் குழுவினர் இந்த வாரம் பதில் சொல்கிறார்கள்.

பையன் கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கிறானுங்க. துணி துவைக்க எடுத்தப்ப பர்ஸுக்குள்ள சுண்டுவிரல் நகம் அளவுல படம் போட்ட காகிதத் துண்டு ரெண்டு இருந்துச்சு. கேட்டா ஸ்டிக்கர்ங்கறான். மனசு ஆறலீங்க. – ஒரு தாய், பெருந்துறை

ஸ்டிக்கராகவும் இருக்கலாம் அம்மா. திருப்பிப் பாருங்கள். பின்னால் பசை இருந்தால் விஷயம் முடிந்தது. பசை இல்லாமல், மையொற்றும் தாள் போலத் தடித்து, ஓரத்தில் தபால்தலை கிழித்த தடம் தெரிந்தால் சந்தேகப்பட இடம் உண்டு. நாக்கில் வைத்து மட்டும் பார்த்துவிடாதீர்கள்.

எல்.எஸ்.டி. வேலை செய்யும் அளவு மில்லிகிராம் கணக்கில் இல்லை, மைக்ரோகிராம் கணக்கில். தூள் உப்பில் ஒரே ஒரு பரல் ஏறக்குறைய 60 மைக்ரோகிராம் இருக்கும். 50 முதல் 150 மைக்ரோகிராமுக்குள் இந்த மருந்து மனதைப் புரட்டிவிடும். கையால் எடுத்து நிறுக்க முடியாத அளவு என்பதால்தான் திரவத்தில் கரைத்துக் காகிதத்தில் ஊறவைக்கிறார்கள். பையன்கள் 'ஸ்டாம்ப்' என்பது இந்தத் துண்டைத்தான். படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே படம் போட்ட இரண்டு துண்டில் ஒன்றில் எதுவுமே இல்லாமலும் இருக்கும், மற்றொன்றில் இரண்டு மடங்கும் இருக்கும். இதைவிட மோசம், எல்.எஸ்.டி. என்ற பெயரில் 'என்-பாம்' வகை ரசாயனங்களைத் தடவி விற்பது. இவை ரத்தக்குழாய்களைச் சுருக்கி, உடம்புச் சூட்டை ஏற்றி, வலிப்பு வரவைக்கும். இவற்றால் உயிர்ப்பலிகள் நடந்திருக்கின்றன.

கஞ்சாவைப் போல வாடை அடிக்காது, கண் சிவக்காது. நல்ல வெளிச்சத்திலும் கண்மணி அகலமாக விரிந்திருக்கும், வியர்க்கும், ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை அட்டை எல்.எஸ்.டி.யைக் காட்டாது. அதில் 'இல்லை' என்று வந்தால் அதை நம்பி உட்கார வேண்டாம். பையனிடம் பேசுவதை அவன் தூங்கி எழுந்து, சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உறவுக்காரர்களைக் கூட்டி வைத்துக் கேட்டால் அடுத்த முறை இன்னும் நன்றாக ஒளித்து வைப்பான், அவ்வளவுதான். தனியாகப் பேசத் தயங்கினால் 14416 என்ற டெலி-மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

ரூம்ல கூட இருக்கறவன் இதைப் போட்டுட்டு 'செத்துருவேன்'னு கத்துனா நாங்க என்ன பண்றது? மோர், எலுமிச்சம்பழம் குடுத்தா தெளியுமா? – கல்லூரி மாணவர், பீளமேடு

தெளியாது. தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, பயம் இரண்டு பங்காகும். மூளையில் செரடோனின் என்ற ரசாயனம் உட்காரும் புரதங்களில் போய் இது உட்காரும். உட்கார்ந்ததும் அந்தப் புரதத்தின் ஒரு பகுதி மூடி போல மேலே மடிந்துகொள்வதை 2017-இல் ஆய்வாளர்கள் படிக வடிவத்திலேயே பார்த்தார்கள். மூடிக்குள் மாட்டிய மருந்து சீக்கிரம் வெளியே வராது. முக்கால் மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சிக்குப் போய், 8 முதல் 12 மணி நேரம் இழுக்கும்.

அறையில் ஒரே ஒருவர் உடன் இருங்கள், மற்றவர்கள் வெளியே போகட்டும். டியூப் லைட்டை அணைத்துச் சின்ன விளக்குப் போடுங்கள், பாட்டை நிறுத்துங்கள். "இது மருந்தோட வேலை, காலையில போயிரும், நான் இங்கேயே இருக்கேன்" என்று தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அவன் பார்ப்பது பொய் என்று வாதாட வேண்டாம். தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுங்கள். மொட்டைமாடிக் கதவு, பைக் சாவி இரண்டும் உங்கள் கையில் இருக்கட்டும். தோட்டத்து வீடாக இருந்தால் கிணற்று மேடு பக்கம் போக விடாதீர்கள். பலரும் செத்தது மருந்தின் நஞ்சால் அல்ல, இந்த மாதிரி இடங்களில். கட்டிப்போடக் கூடாது. சாராயம், தூக்க மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது.

வலிப்பு, நெஞ்சுவலி, அனலாகக் கொதிக்கும் உடம்பு, எழுப்பினால் எழாத மயக்கம், தன்னையே காயப்படுத்திக்கொள்வது: இதில் ஒன்று வந்தாலும் 108. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி மூச்சுக்குழாயில் இறங்காது. டாக்டரிடம் எத்தனை மணிக்கு, எத்தனை துண்டு என்பதை மறைக்காதீர்கள். மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுபவன் என்றால் அதை முதலில் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு அதிகம்.

அடிமையாக்காதுங்கறாங்க, வெளிநாட்டுல மருந்தாவே ஆராயறாங்க. அப்புறம் எதுக்குங்க இவ்வளவு கெட்ட பேரு? – வாசகர், திருப்பூர்

அடிமையாக்காது என்பது பெரும்பாலும் சரி. அடுத்தடுத்த நாள் எடுத்தால் வேலையே செய்யாத அளவுக்கு உடம்பு பழகிவிடும், ஹெராயின் போல நடுக்கம் கொடுக்காது. ஆனால் அடிமையாக்காத பொருளெல்லாம் தீங்கில்லாத பொருள் ஆகிவிடாது.

ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் மருந்து நிறுவன வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938-இல் இதை உருவாக்கினார். ஒரே வகையில் செய்த சேர்மங்களின் வரிசையில் 25-ஆவது, அதனால் எல்.எஸ்.டி.-25. ஐந்து வருடம் கழித்து, 1943 ஏப்ரல் 19 அன்று, மிகக் குறைவு என்று நினைத்து 250 மைக்ரோகிராம் சாப்பிட்டார். போர்க்காலம், கார் இல்லை. உதவியாளரோடு சைக்கிளில் வீடு திரும்பினார். பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மா அவர் கண்ணுக்கு முகமூடி போட்ட சூனியக்காரியாகத் தெரிந்தார். வந்த டாக்டருக்கோ விரிந்த கண்மணியைத் தவிர எந்தக் கோளாறும் தெரியவில்லை.

1947-இல் 'டெலிசிட்' என்ற பெயரில் மனநல மருத்துவர்களுக்குப் போனது. 1953-இல் அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ. 'எம்.கே.-அல்ட்ரா' திட்டம் தொடங்கி, சொல்லாமலே ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஊருக்கெல்லாம் இதைப் பரிந்துரைத்த உளவியலாளர் திமோத்தி லியரியின் வேலை 1963-இல் போனது. வியட்நாம் போர் எதிர்ப்பும் ஹிப்பி கூட்டமும் இதோடு ஒட்டிக்கொள்ள, 1965-இல் சாண்டோஸ் கையைக் கழுவியது, 1971-இல் ஐ.நா. ஒப்பந்தம் கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் கணிப்பில், பாதிக் கெட்ட பெயர் மருந்துடையது, மீதி அதைக் கையாண்டவர்களுடையது.

ஆராய்ச்சி நடப்பது உண்மை. 2014-இல் வெளியான ஸ்விஸ் ஆய்வு, உயிருக்கு ஆபத்தான நோயால் பதற்றத்தில் இருந்த 12 பேரிடம் நடந்தது. குடும்பத்தில் மனச்சிதைவு உள்ளவர்களை இப்படிப்பட்ட ஆய்வுகளில் முதலிலேயே விலக்கிவிடுவார்கள். பக்கத்தில் மருத்துவர், நிறுத்து அளந்த மருந்து. ஹாஸ்டல் அறையில் இந்த மூன்றும் கிடையாது.

முதுகுத்தண்டுல ஆயுசுக்கும் தங்கிருமாமே? – வாசகி, கோபி

கட்டுக்கதை. ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். சிலருக்கு மட்டும் நிழல் இழுப்பது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது எனப் பார்வைக் கோளாறு வாரக்கணக்கில் நீடிக்கும், அது வேறு.

பள்ளிக்கூட வாசலில் நட்சத்திர டாட்டூவில் இதைத் தடவித் தருவதாக வாட்ஸ்அப்பில் வருகிறது... – ஆசிரியை, நாமக்கல்

அமெரிக்காவில் ஜெராக்ஸ் காகிதமாகச் சுற்றிய பழைய புரளி. ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

ஒரே ஒரு ஸ்டாம்ப் வெச்சிருந்தா பெரிய கேஸ் ஆகாதுன்னு பையன் வாதாடறான். சரியா? – தகப்பனார், பொள்ளாச்சி

தப்புக் கணக்கு. 1985-ஆம் ஆண்டு என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் சட்டப்படி எல்.எஸ்.டி.க்கு 'சிறிய அளவு' 0.002 கிராம், 'வணிக அளவு' 0.1 கிராம். கலந்த பொருளின் எடையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும், காகிதத்தின் எடையும் சேரும் என்று 2021-இல் மும்பை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. ஒரு துண்டுக் காகிதமே சுமார் பத்து மில்லிகிராம். அப்படி நிறுத்தால் ஒரு ஸ்டாம்பே சிறிய அளவைத் தாண்டும், 10 வருடம் வரை சிறை போகலாம். ஏறக்குறைய பத்து ஸ்டாம்ப் வணிக அளவு: குறைந்தது 10 வருடம், ஒரு லட்சம் அபராதம், ஜாமீனும் லேசில் கிடைக்காது.

கம்புல வர்ற பூஞ்சணத்துலிருந்துதான் இந்த மருந்து எடுக்கறாங்கன்னு பேரன் சொல்றானுங்க. மானாவாரில கம்பு போட்டிருக்கோம். கூழ் குடிக்கலாமா? – விவசாயி, தாராபுரம்

பேரன் பக்கத்தில் வந்திருக்கிறார் அய்யா, பயிர்தான் வேறு. எல்.எஸ்.டி.க்கு மூலமான லைசர்ஜிக் அமிலம் வந்தது ஐரோப்பாவின் ரை தானியத்தில் பிடிக்கும் எர்காட் பூஞ்சணத்திலிருந்து. பிரசவ ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி மருந்தும் அதே குடும்பம்தான். கம்பில் வரும் எர்காட், நம் ஊர்த் தேன் ஒழுகல் நோய், அதன் பங்காளி. அதிலுள்ள நஞ்சு வேறு வகை: காட்சிகள் காட்டாது, குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல், அசதித் தூக்கம் கொடுக்கும்.

பூக்கும் நேரத்தில் மப்பும் தூறலுமாக இருந்தால் கதிரில் இளஞ்சிவப்பாகப் பிசுபிசுவென்று துளி வடியும். பிறகு அந்த இடத்தில் மணிக்குப் பதில் கூர்மையான கரும்பழுப்புக் கட்டி துருத்திக்கொண்டு நிற்கும். வடியும்போதே அந்தக் கதிரைக் கிள்ளி எடுத்து எரித்துவிடுங்கள்.

விதைக்கு: 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ சமையல் உப்பைக் கரைத்துக் கம்பைக் கொட்டிக் கிளறுங்கள். கட்டி லேசானது, பொக்கோடு சேர்ந்து மிதக்கும், வழித்து எடுங்கள். உப்பைக் குறைத்தால் கட்டியும் மணியோடு அடியில் தங்கிவிடும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள், உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். கூழுக்கு வைத்திருக்கும் கம்பில் கட்டி தெரிந்தாலும் இதே வழிதான். மிதந்ததைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடாமல் குழி தோண்டிப் புதையுங்கள். அலசிய கம்பை நிழலில் காயவையுங்கள்.