பட்டறைப் பீரங்கி: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

தஞ்சாவூர் பீரங்கி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதம். அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பாவோடு லேத் பட்டறை நடத்துகிறேன். புனித ஜார்ஜ் கோட்டை மியூசியத்தில் இருக்கிற பீரங்கிகளைப் பார்த்ததிலிருந்து சின்னதாக ஒன்று செய்துவிட வேண்டும் என்று ஆசை. அமெரிக்காவில் நிறையப் பேருக்கு இது பொழுதுபோக்கு. தாங்களே கடைந்து தாங்களே சுடுகிறார்கள். எத்தனையோ வீடியோ பார்த்துவிட்டேன், யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

முழு எம்.எஸ். ராடில், அதாவது மைல்டு ஸ்டீல் கம்பியில், துளை போடப் போகிறேன். பைப் இல்லை, வெல்டிங்கும் இல்லை. கருமருந்தை நானும் நண்பனும் வீட்டிலேயே கலந்துகொள்வோம். குண்டு போடப் போவதில்லை, சத்தம் மட்டும்தான். பொங்கலுக்கு ஊத்துக்கோட்டைப் பக்கம் மாமாவுடைய நிலத்தில் வைத்து, நீளமாகத் திரி விட்டு, தூரமாக நின்று சுடலாம் என்று நினைக்கிறோம். கோயில் திருவிழாவில் வேட்டுப் போடுகிறார்களே, அதைவிட இது பாதுகாப்புதானே? சுவர் எவ்வளவு கனம் இருந்தால் பயமில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

எம்., அம்பத்தூர்

அன்புள்ள எம்.,

பீரங்கி செய்யுங்கள். ஆனால் சுடக்கூடியதாகச் செய்யாதீர்கள். மருந்து மட்டும் கலக்கவே கலக்காதீர்கள். உங்கள் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது என்பதால்தான் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி காரணங்களைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட கனத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முன்வாய்ப் பீரங்கி, அதாவது வாய்ப்பக்கமாகவே மருந்து போடுகிற பீரங்கி, சுடுகிறவர்கள் பொதுவாகச் சொல்வது, மருந்து இருக்கும் இடத்தில் சுற்றியுள்ள உலோகம் துளையின் விட்டம் அளவுக்காவது கனமாக இருக்க வேண்டும் என்பது. இதைத் தெரிந்துகொண்டதால் மட்டும் உங்களுக்குப் பயன் எதுவும் இல்லை. வெடித்துச் சிதறிய பீரங்கிகளில் பலவற்றுக்குக் கனத்தில் குறைவே கிடையாது. 1844 பிப்ரவரி 28 அன்று பொட்டோமாக் ஆற்றில் பிரின்ஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் ஒரு விருந்து நடந்தது. அந்த நாட்டின் அதிபரே கப்பலில் இருந்தார். 12 அங்குலத் துளையுள்ள, அடித்து உருவாக்கிய பெரிய இரும்புப் பீரங்கியைச் சுட்டுக் காட்டினார்கள். அன்று ஏற்கெனவே சுட்டபோது ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை சுடச் சொல்லிக் கேட்டார்கள், சுட்டார்கள், பீரங்கியின் பின்பகுதி வெடித்தது. வெளியுறவு அமைச்சரும் கடற்படை அமைச்சரும் உட்பட ஆறு பேர் செத்துப்போனார்கள். கீழ்த்தளத்தில் இருந்ததால் அதிபர் டைலர் தப்பினார்.

காசுக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லாத ஒரு கடற்படைக்காகச் செய்த பீரங்கி அது. இரும்புக்குள் இருந்த பலவீனம் வெளியே தெரியவில்லை, முன்னால் சுட்டபோதும் தெரியவில்லை. ஒரு தடவை தாங்கியது என்பதற்கு அடுத்த தடவையும் தாங்கும் என்று பொருளில்லை. ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் கொஞ்சம் வளர்ந்துகொண்டிருக்கலாம். உங்கள் எம்.எஸ். ராடு எந்த உருக்காலையிலிருந்து வந்தது, உள்ளே கசடு ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. ராடு விற்ற கடைக்காரருக்கும் தெரியாது. பேரிங் ஹவுசிங் கடைய அதெல்லாம் தெரிய வேண்டியதில்லை, பீரங்கிக்குத் தெரிந்தாக வேண்டும்.

குண்டு போடவில்லை, சத்தம் மட்டும்தான் என்கிறீர்கள். ஸ்காட்லாந்தில் எடின்பரோ கோட்டையில் மான்ஸ் மெக் என்று ஒரு பீரங்கி இருக்கிறது. 1449இல் செய்தது. நீளவாட்டில் இரும்புப் பட்டைகளை அடுக்கி, மேலே வளையங்களைக் காய்ச்சி இறுக்கிச் செய்தார்கள். ஏறக்குறைய நம் தஞ்சாவூர் பீரங்கியின் முறைதான். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு இளவரசரின் பிறந்தநாளுக்கு மரியாதை வேட்டாகச் சுட்டபோது அது வெடித்தது. வளையம் பிய்ந்த இடத்தை இன்றைக்கும் பார்க்கலாம். மரியாதை வேட்டிலும் மருந்து மருந்துதான். அடைத்த துணியோ காகிதமோ பறந்துபோய் அடிக்கும் தூரமும் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

சரி, இரும்பு நல்ல இரும்பு என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி மருந்தைப் பற்றியது. உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி, வீட்டிலேயே கலந்துகொள்வோம் என்பதுதான்.

வெடியுப்பு, கரி, கந்தகம் என்று மூன்றே பொருள். பள்ளிப் பாடத்தில்கூட வருகிறது. அதனால் எளிது என்று தோன்றும். ஆனால் தொழிற்சாலையில் அதை ஈரத்தோடு அரைத்து, அழுத்திப் பாளமாக்கி, உடைத்து, சலித்து, குருணையின் அளவு வாரியாகப் பிரிக்கிறார்கள். குருணை பெரிதானால் மெதுவாக எரியும், பொடியானால் வேகமாக எரியும். பீரங்கிக்குப் பெரிய குருணை, கைத்துப்பாக்கிக்குச் சிறியது. பல வருட அனுபவத்தில் வந்த பிரிவினை இது. வீட்டில் கலந்த மருந்தில் கரி எந்த மரத்தது, எவ்வளவு நுணுக்கமாக அரைந்தது, எவ்வளவு ஈரம் என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். போன வாரம் புஸ்ஸென்று போனது இந்த வாரம் பல மடங்கு வேகத்தில் எரியலாம். உள்ளே வரும் அழுத்தம் என்னவென்றே தெரியாதபோது சுவரின் கனத்தை எதை வைத்துக் கணக்குப் போடுவீர்கள்?

இன்னொன்று, பீரங்கி வரைக்கும் போகாமலே முடிந்துவிடும் கதைகள்தான் அதிகம். கலக்கும்போது, இடிக்கும்போது, டப்பாவில் அடைக்கும்போது தீப்பிடிக்கும். உராய்வு போதும், ஒரு பொறி போதும். மருந்து ஆலைகளில் இரும்புக் கருவியைத் தவிர்த்து மரமும் செம்பும் பித்தளையும் வைத்து வேலை செய்தது அதனால்தான். இத்தனையும் தெரிந்த, உரிமம் பெற்ற இடங்களிலேயே ஆட்கள் சாகிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். 30க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். உங்கள் பட்டறையில் கிரைண்டர் ஓடுகிறது, வெல்டிங் நடக்கிறது, தரையெல்லாம் இரும்புத்தூள். அங்கே ஒரு டப்பா கருமருந்து இருப்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. உங்கள் நண்பன் அடுத்து ஒரு யோசனை சொல்வான் பாருங்கள்: பட்டாசைப் பிரித்து மருந்து எடுக்கலாம் என்பான். அது கருமருந்தே இல்லை. சத்த வெடிகளில் அலுமினியத்தூள் கலந்த வேறு மருந்து இருக்கிறது. எந்தக் குழாயும் அதைத் தாங்காது.

அந்த வீடியோக்களில் யாருக்கும் எதுவும் ஆவதில்லை என்கிறீர்கள். அடுத்த தடவை சத்தம் வரும் நொடியை விட்டுவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் செய்வதைக் கவனியுங்கள். நல்ல குழுக்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒரு இடம். சுட்டு முடித்ததும் திருகாணி போன்ற கம்பியை விட்டு உள்ளே தங்கிய துணி மிச்சத்தை இழுப்பார்கள். பிறகு ஈர உருளையால் துடைப்பார்கள். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகத்தான் மிஞ்சும், அந்தப் படிவுக்குள் கனல் ஒளிந்திருக்கும். அடுத்த மருந்தை வைத்த உடனே அதுவாகப் பற்றிக்கொள்ளும். துடைக்கும்போதும் இடிக்கும்போதும் ஒருவர் தோல் உறை போட்ட கட்டைவிரலால் திரித்துளையை அழுத்தி மூடியிருப்பார், காற்றுப் புகுந்து கனலை ஊதிவிடக் கூடாது என்று. மருந்தை இடிக்கிறவர் வாய்க்கு நேராக நிற்க மாட்டார். இடிகோலைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றி மடக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்தே வைப்பார். பீரங்கி அப்போது வெடித்தால் கோல் கையைவிட்டு உருவிக்கொண்டு போகட்டும், கையைக் கொண்டுபோகக் கூடாது என்று. அந்த விரல் வைப்புக்குப் பின்னால் எத்தனை பேருடைய கைகள் போயிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

நீளமான திரி உங்களைக் காப்பாற்றும் என்று நம்புகிறீர்கள். எரிந்து முடிந்து வெடித்துவிட்டால் சரி. வெடிக்காவிட்டால்? திரி அணைந்துவிட்டதா, துளைக்குள் கனன்றுகொண்டிருக்கிறதா என்று தூரத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. வெடிக்காத பீரங்கியை எவரும் நெருங்காமல் விட்டுவைப்பதும், எவ்வளவு நேரம் என்று முன்பே பேசி வைத்திருப்பதும் அந்தக் குழுக்களின் முதல் கட்டுப்பாடு. பொங்கல் அன்று மாமா பிள்ளைகள், ஊர்ப் பையன்கள் எல்லாரும் சுற்றி நிற்கும்போது அந்தக் கட்டுப்பாடு நிற்குமா? 2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்தில் பிளாஸ்டிக் குழாயில் கார்பைடு போட்டு வெடித்து ஏராளமான பிள்ளைகளுக்குக் கண்ணில் காயம். வெடிக்கவில்லையே என்று உள்ளே எட்டிப் பார்த்தபோது முகத்தில் வெடித்தது என்பது செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. அது வேறு மருந்து, வேறு குழாய். எட்டிப் பார்க்கிற மனது ஒன்றுதான்.

நம் ஊர்க் காற்றையும் மறந்துவிடாதீர்கள். சுட்ட குழாயில் படியும் கசடு ஈரத்தை உறிஞ்சும், இரும்பை அரிக்கும். சென்னையின் உப்புக் காற்றில் ஒரு எம்.எஸ். துளை அடுத்த பொங்கலுக்குள் எப்படி இருக்கும் என்று லேத்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பழைய முன்வாய்ப் பீரங்கிக்கும் அதன் நகலுக்கும் கூட்டரசுச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. பொழுதுபோக்குக்காக 50 பவுண்டு வரை கருமருந்தை உரிமம் இல்லாமல் வாங்கலாம். ஆனால் அந்தச் சலுகை ஆலையில் தயாரான மருந்துக்குத்தான். இங்கே அப்படி எந்தக் கதவும் இல்லை. 1884ஆம் வருட வெடிபொருள் சட்டப்படி கருமருந்து ஒரு வெடிபொருள். உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். 1908ஆம் வருட வெடிபொருட்கள் சட்டம் அதைவிடக் கடுமையானது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் பீரங்கியைத் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் வரிசையில் வைக்கிறது. சின்னது, பொம்மை மாதிரி என்று வாதாடலாம், ஆனால் மருந்து வைத்துச் சுட முடிகிற குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அதை நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருக்கும். தண்டனை ஆயுள் வரை போக முடியும். அப்பா கட்டிய பட்டறையை ஒரு பொங்கல் சத்தத்துக்காகப் பணயம் வைக்காதீர்கள்.

கோயில் வேட்டுகளைக் காட்டியிருக்கிறீர்கள். அது பாதுகாப்புக்கு எடுத்துக்காட்டு இல்லை. 2016 ஏப்ரல் 10 அதிகாலையில் கொல்லம் பக்கம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் வாணவேடிக்கை மருந்து தீப்பிடித்து 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காலம் காலமாக நடக்கிறது என்பதால் ஆபத்து குறைந்துவிடாது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. தஞ்சாவூர் பீரங்கியை நீங்கள் ஏன் மாதிரியாகச் செய்யக் கூடாது? 17ஆம் நூற்றாண்டில், நாயக்கர் காலத்தில் செய்தது. நீளம் ஏறக்குறைய ஏழரை மீட்டர், எடை சுமார் 22 டன் என்று கணித்திருக்கிறார்கள். வார்ப்பு இல்லை. பட்டைகளை நீளவாட்டில் வளைத்து அடுக்கி, வளையம் வளையமாகக் காய்ச்சி ஏற்றி, அடித்து ஒட்டியது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இருபதில் ஒரு பங்கு அளவில் செய்தால் முப்பத்தேழு சென்டிமீட்டர் சொச்சம் வரும், உங்கள் லேத்துக்கு அழகான அளவு. நடுவில் முழு ராடு, மேலே ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனியாகக் கடைந்து, சூடேற்றி, மாட்டி இறுக விடுங்கள். ஒரே கட்டியில் கோடு போட்டு வளையம் மாதிரி காட்டாதீர்கள். வளையத்தின் உள்விட்டத்தை எவ்வளவு குறைத்தால் சரியாகப் பிடிக்கும், எந்தச் சூட்டில் ஏறும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும்போதுதான், மைக்ரோமீட்டர் இல்லாமல் அந்தக் கொல்லர்கள் என்ன செய்தார்கள் என்பது உறைக்கும். வாய்ப்பக்கம் மேலோட்டமாக ஒரு குழி மட்டும் போதும். திரித்துளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளிக்குறி வையுங்கள், துளைக்காதீர்கள். அப்போது அது எந்தச் சட்டத்துக்கும் பயப்பட வேண்டாத ஒரு மாதிரி. உங்கள் பெயரை அதன் மேல் வெட்டிக்கொள்ளலாம்.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல ஆசை. ஒரு காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பீரங்கி வெடிக்கும். நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்துக் கடிகாரத்தோடு அதற்குத் தொடர்பு இருந்தது. ஊர் அதைக் கேட்டு மணியைச் சரிபார்த்துக்கொண்டது. சென்னையில் பீரங்கியின் வரலாற்றைத் தேடினால் சண்டை மட்டும் கிடைக்காது, இதுவும் கிடைக்கும். உங்கள் மாதிரியோடு இந்தக் கதையையும் பையன்களுக்குச் சொல்லுங்கள்.

அளவெடுக்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் போங்கள். அங்கேயும் பழைய பீரங்கிகள் இருக்கின்றன. வாய்ப்பக்கத்து விளிம்பு, பக்கவாட்டு முளைகள், பின்பக்கத்துக் குமிழ் மூன்றையும் கவனித்து வரைந்துகொள்ளுங்கள், மாதிரி செய்கிறவர்கள் பெரும்பாலும் தவறு செய்வது அங்கேதான். கோட்டை மியூசியமும் எழும்பூரும் வெள்ளிக்கிழமை விடுமுறை, வேறு நாளில் போங்கள். முதல் வளையம் ஏறியதும் ஒரு படம் அனுப்புங்கள், பார்க்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்