7 லட்சம் கடனில் மெக்கானிக்கல்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். தம்பி இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறான், கட் ஆஃப் 131. தண்டையார்பேட்டையில் எய்டட் பள்ளி, தமிழ் மீடியம். மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். பள்ளி விட்டு வந்தால் தெருமுனை பைக் மெக்கானிக் கடையில்தான் கிடப்பான். அப்பா மணலியில் கான்ட்ராக்ட் வேலை, மாதம் 17,000. நான் பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன், 14,000. கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்திருக்கிறோம். ஆனால் ஒரு காலேஜிலிருந்து வந்தவர், இந்த மார்க்குக்கு கவுன்சிலிங்கில் ஒன்றும் கிடைக்காது, மேனேஜ்மென்ட் கோட்டாவில் போட்டுவிடுங்கள், லோனுக்கு நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்றார். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1.75 லட்சம். 10,000 அட்வான்ஸ் கட்டி டி.சி.யையும் கொடுத்துவிட்டோம். லோனில் என்னையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மெக்கானிக்கலுக்கு எதிர்காலம் உண்டா? இவ்வளவு கடன் வாங்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தம்பி மெக்கானிக்கல் படிக்கட்டும். ஆனால் இந்தக் கடனை வாங்காதீர்கள், அதில் கையெழுத்தும் போடாதீர்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்களிடம் பேசிய அந்த மனிதர் வருடக் கட்டணத்தைச் சொன்னாரே தவிர மாதத் தவணையைச் சொல்லவில்லை. வருடத்துக்கு 1.75 லட்சம் என்றால் நான்கு வருடத்துக்கு 7 லட்சம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் நான்கு வருடமும் அப்புறம் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கடன் வருடா வருடம் 1.75 லட்சமாகத்தான் கைக்கு வரும் என்றாலும், அந்த ஐந்து வருடத்தில் தனிவட்டியாகவே 2.45 லட்சம் ஏறிவிடும். ஆக, தவணை தொடங்கும் அன்று கடன் 9.45 லட்சம். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் ஏறக்குறைய 12,500 ரூபாய், மொத்தம் 15 லட்சத்துக்குப் பக்கத்தில் வரும். தம்பிக்கு வேலை கிடைத்திருந்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, தவணை தொடங்கிவிடும்.

இப்போது சம்பளம். சென்னைப் பக்கம் ஒரு சாதாரண காலேஜில் மெக்கானிக்கல் முடித்து வரும் பையன் டிரெய்னியாகத்தான் நுழைகிறான், கையில் வருவது 15,000, 18,000, கொஞ்சம் நல்ல கம்பெனியாக இருந்தால் 20,000. அப்ரண்டிஸாகப் போனால் இன்னும் குறைவு. பட்டதாரி அப்ரண்டிஸுக்கு 2019 விதிகளில் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000தான், பயிற்சி முடிந்ததும் அவனை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்குக் கிடையாது.

அந்த வேலையும் நம் பக்கத்தில் இருக்காது. உங்கள் அப்பா தலைமுறைக்கு எண்ணூரில் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்., மணலி கம்பெனிகள் என்று சைக்கிளில் போய்வரும் தூரத்தில் எல்லாம் இருந்தன. ஐ.டி.ஐ. முடித்து பர்மனென்ட் ஆனவர்கள் அந்தச் சம்பளத்தில் வீடு கட்டி, பெண்ணைக் கட்டிக் கொடுத்து, பையனைப் படிக்கவும் வைத்தார்கள். நம் வீடுகளில் மெக்கானிக்கல் மீது இன்னும் இருக்கும் மரியாதை அங்கிருந்து வந்தது. ஆனால் கடந்த இருபத்தைந்து வருடத்தில் கார் தொழில் வளர்ந்தது ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும். திருவொற்றியூரிலிருந்து ஒரகடம் 60 கிலோமீட்டருக்குக் குறையாது, ஷிப்ட் வேலைக்குத் தினமும் போய்வர முடியாது. அங்கேயே ரூம் எடுக்க வேண்டும். 18,000 சம்பளத்தில் பங்குக்கு ரூம் வாடகை 3,500, சாப்பாடு 5,000, வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்துபோக, போன், சோப்பு, சட்டை எல்லாம் ஒரு 2,500 என்று போட்டால் மிஞ்சுவது 7,000. தவணை 12,500. மீதி 5,500 எங்கிருந்து வரும்? உங்களுடைய 14,000லிருந்துதான் வரும். உங்கள் கையெழுத்தை அவர்கள் கேட்பது அதற்குத்தான்.

மெக்கானிக்கலில் வருமானமே இல்லை என்று சொல்ல வரவில்லை. டூலிங், குவாலிட்டி, டிசைன் என்று ஏதாவது ஒன்றில் கை தேர்ந்துவிட்டால் ஐந்தாறு வருடத்தில் 40,000 தாண்டுபவர்கள் நிறைய இருக்கிறார்கள், அந்த அனுபவத்துக்கு மதிப்பும் உண்டு. சம்பளம் மெதுவாக ஏறும் துறை இது. தவணையோ முதல் மாதமே முழுசாக வந்து நிற்கும். கஷ்டமெல்லாம் நடுவில் இருக்கும் அந்த ஐந்தாறு வருடத்தில்தான். அதைத் தாங்க முடியாமல்தான் பையன்கள் கற்ற தொழிலை விட்டுவிட்டு, இரண்டாயிரம் ரூபாய் அதிகம் கிடைக்கிறது என்று டெலிவரிக்கும் கால் சென்டருக்கும் போகிறார்கள். கடன் சின்னதாக இருந்தால் அந்த டிரெய்னி வருடங்களைப் பொறுமையாகக் கடக்கலாம்.

சரி, கடனை எப்படிச் சின்னதாக்குவது? கவுன்சிலிங் வழியாகப் போங்கள். 131க்கு மெக்கானிக்கல் கிடைக்காது என்பது சுத்தப் பொய். சில வருடங்களாகவே பல காலேஜ்களில் மெக்கானிக்கல் சீட்டுகள் நிரம்பாமல் கிடக்கின்றன. கவுன்சிலிங் சீட்டுக்குத் தனியார் காலேஜில் அரசு வைத்திருக்கும் கட்டணம் மேனேஜ்மென்ட் கட்டணத்தைவிட மிகக் குறைவு. உங்கள் வீட்டில் யாரும் டிகிரி முடிக்கவில்லை, எனவே தம்பி முதல் பட்டதாரி. தாசில்தார் அலுவலகத்தில் அந்தச் சான்றிதழை வாங்கிவிட்டால் டியூஷன் கட்டணத்தில் ஒரு நல்ல பகுதி கழியும். ஆனால் அந்தச் சலுகை கவுன்சிலிங்கில் சேர்ந்தால் மட்டும்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் போச்சு. 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும், எய்டட் பள்ளிக்குக் கிடையாது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் மீடியம் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் ஆகும்.

இப்படிப் போனால், வீட்டிலிருந்தே படித்து, நான்கு வருடத்துக்கும் 2 லட்சம் கடனில் முடித்துவிடலாம். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருப்பதால் மத்திய அரசின் வட்டி மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம், கிடைத்தால் படிக்கும் காலத்துக்கும் அதற்கடுத்த ஒரு வருடத்துக்கும் வட்டியை அரசே கட்டிவிடும். காலேஜுக்கு நாக் அல்லது என்.பி.ஏ. தர அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மானியத்துக்கு அது வேண்டும். 2 லட்சத்தை ஐந்து வருடத்தில் அடைக்க மாதம் 4,250 போதும். மிஞ்சும் அந்த 7,000க்குள் அடங்கிவிடுகிறது, பாருங்கள்.

காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போது பேனரில் போட்டிருக்கும் அதிகபட்சச் சம்பளத்தை நம்பாதீர்கள், அது ஒரே ஒரு பையனுடையது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் காலேஜ்கள் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, வேலை கிடைத்தவர்களின் நடுமட்டச் சம்பளம் என்ன என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பு காலேஜின் இணையதளத்திலேயே இருக்கும். எல்லாப் பிரிவும் சேர்ந்த கணக்கு அது, மெக்கானிக்கலுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பியிடமும் ஒன்று பேசுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டுவதில் இருக்கும் ஆசை வேறு, பி.இ. வேறு. முதல் இரண்டு வருடம் கணக்கும் தெர்மோடைனமிக்ஸும்தான், பைக் பிடிக்கும் என்று சேர்ந்து அரியர் மேல் அரியர் வைத்த பையன்கள் ஏராளம். அவனுக்குக் கைவேலைதான் பிடித்திருக்கிறது என்றால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம், பிளஸ் டூவில் கணிதம் படித்தவர்களுக்கு அந்த வழி உண்டு. தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக் மாதிரி அரசு இடங்களில் கட்டணம் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும், கடனே வேண்டாம். இரண்டு வருடத்தில் டிப்ளமோ கையில் இருக்கும். ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர் தேர்வு எழுதலாம், அப்புறமும் பி.இ. வேண்டுமென்றால் நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேரலாம். மொத்தம் ஐந்து வருடம், ஒரு வருடம்தான் அதிகம். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டு நிலைமைக்கு இந்த வழிதான் முதலில்.

உங்கள் கையெழுத்துக்கு வருகிறேன். இணைக் கடன்தாரராகப் போட்டால் தம்பி கட்டாத ஒவ்வொரு தவணையும் உங்கள் பெயரிலும் சிபிலில், அதாவது வங்கிகள் பார்க்கும் கடன் பதிவில், ஏறும், நாளைக்கு உங்களுக்கென்று ஒரு கடன் கேட்டுப் போனால் கிடைக்காது. அப்பா போடட்டும், சின்னக் கடனுக்கு அது போதும். இவ்வளவு எழுதியவர் உங்கள் படிப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேர்ந்து, கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியும். தம்பிக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழை வாங்கிய கையோடு அந்த விண்ணப்பத்தையும் பாருங்கள்.

நாளைக்கே செய்ய வேண்டியது டி.சி.யை வாங்குவது. அசல் சான்றிதழை வைத்துக்கொள்ள எந்தக் காலேஜுக்கும் உரிமை கிடையாது, இன்ஜினியரிங் காலேஜ்களுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி அது. கடைசித் தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே விதிதான். எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தர மறுத்தால் எனக்கு எழுதுங்கள், ஏ.ஐ.சி.டி.இ.க்கான புகாரை நானே எழுதித் தருகிறேன்.