கொலுசுப் பட்டறையும் பாண்டியன் அரண்மனையும்

கேள்வி: மகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். பழைய சோக நாடகங்களின் கரு 'தோற்றம் வேறு, உண்மை வேறு' என்று நோட்ஸில் எழுதி வைத்திருக்கிறாள். நான் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். எங்களுக்கே தெரிந்த இந்த விஷயம் அந்த ராஜாக்களுக்குத் தெரியாதா?
- ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: நன்றாகத் தெரியும். முகத்தைப் பார்த்து மனதை அறிய ஒரு வித்தையும் கிடையாது என்று மக்பெத் நாடகத்தில் டங்கன் மன்னனே சொல்கிறான். ஒரு துரோகியை முழுக்க நம்பி ஏமாந்த பிறகு சொல்வது. சொல்லி வாய் மூடுவதற்குள் மக்பெத் வருகிறான். டங்கன் அவனை வாயாரப் புகழ்ந்து, அவன் கோட்டைக்கே போய்த் தூங்கி, அவன் கத்திக்கே இரையாகிறான்.

நீங்கள் கொலுசு என்று சொன்ன பிறகு நான் ஸ்காட்லாந்தில் ஏன் நிற்க வேண்டும்? மதுரைக்குப் போவோம்.

தலைவலி என்று சொல்லி ஊடலோடு எழுந்து போன ராணியைச் சமாதானம் செய்யப் போகிறான் பாண்டியன். வழியில் பொற்கொல்லன் வந்து, ராணியின் சிலம்பைத் திருடியவன் கோவலன்தான் என்று காதில் ஓதுகிறான். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று அங்கேயே உத்தரவு. 'தேரான் ஆகி', அதாவது ஆராயாமல், என்கிறார் இளங்கோ. ராணியின் சிலம்புக்குள் இருப்பது முத்து என்று அந்த மன்னனுக்குத் தெரியும். கண்ணகி முன்னால் அவனே அதைச் சொல்கிறான். கோவலன் கையிலிருந்ததை உடைத்துப் பார்த்திருந்தால் மாணிக்கம் தெறித்திருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் பளபளப்புக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, டச், அதாவது வெள்ளியின் சுத்தம், பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். மதுரையில் ஓர் உயிருக்கு அந்தச் சோதனைகூட நடக்கவில்லை.

நோட்ஸ் போடுகிறவர்கள் கண்ணில் படாதது இன்னொன்று உண்டு. கோவலனின் தோற்றம் பொய் சொல்லவே இல்லை. கொல்ல வந்த காவலர்களே அவனைப் பார்த்து, இவன் கொலைக்குரியவன் இல்லை என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டு, மந்திரம், மருந்து, தந்திரம் என்று கள்வர்களின் திறமைகளை அடுக்குகிறான். பேச்சு நீள்கிறது. படிப்பறிவில்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கண் முன்னால் நின்ற உண்மையை ஒருவனுடைய நாக்கு மறைத்துவிட்டது. அந்த ஒற்றை வரி நோட்ஸ் இங்கே எப்படிப் பொருந்தும்?

சோக நாடகம் கிரேக்கச் சரக்கு, தமிழுக்கு வழக்கமில்லை என்று சொல்பவர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்குப் பல வருடச் சண்டை. அவர்கள் சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையைச் சொல்லும் கொலைக்களக் காதையை ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கட்டும்.

கிரேக்கத்திலும் ஈடிபஸை மட்டும் நான் தனியாக வைப்பேன். முந்தைய மன்னனைக் கொன்றவன் யார் என்று தேடிய மன்னன் அவன். விசாரிக்காமல் அழிந்தவன் அல்ல, விசாரித்தே அழிந்தவன். போதும், விட்டுவிடு என்று மனைவி யொகாஸ்தா கெஞ்சுகிறாள். அவன் விடவில்லை. கிழட்டு இடையனை வரவழைத்து, கடைசி வார்த்தை வரை வாங்குகிறான். குழந்தையில் கணுக்காலைத் துளைத்த தழும்பு அவன் காலிலேயே இருந்தது. குற்றவாளி தான்தான் என்று தெரிந்ததும், கொலைகாரனை நாடு கடத்த வேண்டும் என்று ஊருக்குப் போட்ட உத்தரவைத் தனக்காக மாற்றிக்கொள்ளவில்லை. பாண்டியனும் உண்மை தெரிந்த பிறகு 'யானே கள்வன்' என்று சொல்லி விழுந்தான். ஆனால் கேள்வியைக் கண்ணகி வந்து கேட்க வேண்டியிருந்தது.

மேச்சேரி, எடப்பாடி பக்கம் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வேஷக்காரர் தான் யார் என்று பாடி அறிவித்துவிட்டுத்தான் ஆடுகிறார். கதையும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தருமன் சூதாட உட்காரும்போது கூட்டம் தவிக்கிறது. ஏதென்ஸ் நகரத்தாரும் கதை தெரிந்தேதான் வந்து உட்கார்ந்தார்கள். இப்பவாவது கேளேன், இப்பவாவது நிறுத்தேன் என்கிற அந்தத் தவிப்புதான் நாடகம்.

சரி, மகள் தேர்வில் அந்த வரியையே எழுதட்டும், மதிப்பெண் வேண்டும். அப்புறம் ஒதெல்லோவை எடுத்து, மனைவி துரோகி என்று அவனை நம்பவைத்த அந்தக் கைக்குட்டையைப் பற்றி அவன் எமிலியாவிடம் ஒரு வார்த்தை கேட்டானா என்று பக்கம் பக்கமாகத் தேடட்டும். கீழே கிடந்த அதை எடுத்துக் கணவன் இயாகோவிடம் கொடுத்தவளே அவள்தான். அவளை மனைவிக்குத் துணையாக வைத்தவனே ஒதெல்லோதான்.